ஒரு சனிக்கிழமையில் கற்ற மொழி

இரண்டாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டு, ஒக்டோபர் மாதம் பதினான்காம் திகதி, திங்கட்கிழமை. அன்று ஹவுன்ஸ்லோவில் ஒரு வீட்டின் கதவுத் துவாரத்தினூடாக விழுந்த கடிதம் ஓர் அநியாயத்தைச் செய்தது. ஐந்து அந்நிய மொழிகளில் வேலை செய்து, ஏச்சு வாங்கி, அவற்றாலேயே சோறு உண்டு வாழ்ந்த ஒரு மனிதரிடம், அவருக்கு அந்நிய மொழி எதுவும் தெரியாதென்றும், ஆகவே எந்த மொழியைக் கற்கப் போகிறார் என்பதை நான்கு பெட்டிகளுள் ஒன்றில் அடையாளமிட்டுத் தெரிவிக்க வேண்டுமென்றும் அது கட்டளையிட்டது.

அம்மனிதர் செபமாலைமுத்து. மன்னார் மாவட்டத்துப் பேசாலையிற் பிறந்தவர், வயது ஐம்பத்தொன்பது. விமான நிலையத்தில், நடக்க இயலாத பயணிகளைச் சக்கர நாற்காலியில் இருத்தித் தள்ளிச் செல்வது அவருடைய தொழில். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தள்ளுகிறார். விமானத்தின் வாசலுக்கும் கட்டடத்துக்கும் இடையே ஒரு சரிவுப் பாதை உண்டு. போகும்போது அது இறக்கம், வரும்போது ஏற்றம். வெறுங்கையோடு நடப்பவனுக்கு அது ஏற்றமென்றே தெரியாது. எண்பது கிலோ எடையுள்ள ஒருவரை நாளொன்றுக்கு இருபது தடவை அதன்மீது தள்ளி ஏற்றுகிறவனுடைய முழங்கால்களுக்கு அது தெரியும்.

கடிதத்தை எடுத்தவள் அவருடைய மனைவி அருமைநாயகி. விமானங்களுக்கு உணவு அடைக்கும் சமையற்கூடத்தில் அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கும் வேலையை முடித்துக்கொண்டு, மழையில் பஸ்ஸால் இறங்கி வந்திருந்தாள். தலைமயிரை மூடிய வலையின் தழும்பு நெற்றியில் இன்னும் சிவந்து கிடந்தது. ஈரச் சப்பாத்தைக் கழற்றாமல், நின்ற நிலையிலேயே வாசித்தாள்.

செபமாலைமுத்துவின் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன என்ற வைத்தியரின் குறிப்புக் கிடைத்ததாம். உதவி மேசையில் இருந்து செய்யும் வேலையொன்று காலியாக இருக்கிறதாம். அம்மேசைக்கு ஓர் அந்நிய மொழியிலாவது தகைமை வேண்டுமாம். 'எமது பதிவேட்டின்படி உமக்கு எதுவும் இல்லை.' பிரெஞ்சு, ஸ்பானிஷ், மாண்டரின், ஜெர்மன் ஆகிய நான்கினுள் ஒன்றை இருபத்தைந்தாம் திகதிக்குள் தெரிவுசெய்தால், கொம்பனியே பத்துக் கிழமை வகுப்புக்கு அனுப்புமாம். இல்லாவிடின், நவம்பர் முடிவில் மருத்துவ மீளாய்வு. அதன்பின் வேலை இல்லை.

'பதிவேட்டின்படி' என்ற இடத்தில் அவளுடைய விரல் நின்றது. அந்தப் பதிவை எழுதிய கை அவளுடையது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், இதே குசினி மேசையில் இருந்துதான் அவருடைய வேலை விண்ணப்பத்தை அவள் நிரப்பினாள். ஆங்கிலத்தில் நல்ல புள்ளி எடுத்துச் சித்தியடைந்தவள் அவள்தான். 'அறிந்த பிற மொழிகள்' என்று கேட்டிருந்த இடத்தில், அடிமட்டம் வைத்து, நேராக ஒரு கோடு இழுத்தாள். பரீட்சை எழுதாத மொழியைத் தெரியும் என்று எழுதுவது பொய் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணமொன்றும் இருந்தது. அதை அந்த வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நான்கு மணிக்குச் செபமாலைமுத்து வந்தார். படியில் ஒரு கால், பிறகு மற்றக் கால், பிறகு கைப்பிடி. அவள் தேநீரை மேசையில் வைத்தாள்.

"கொம்பனிக் கடிதம் வந்திருக்கு."

"என்னவாம்?"

"ஒரு பாஷை படிக்கட்டாம்."

"ஆர்?"

"நீங்கள்தான். வேற ஆர், பக்கத்து வீட்டுக்காரனே?"

"எனக்கு இந்த..." என்று தொடங்கி நிறுத்தினார். கூரைக்கு மேல் விமானம் வந்துவிட்டது. அந்தத் தெருவில் இருப்பவர்கள் பேச்சின் நடுவில் அப்படியே நிற்பார்கள். இரைச்சல் கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். எவரும் அதைப் பழகியதாக நினைப்பதில்லை. "...வயசிலையோ?" என்று முடித்தார்.

"படிச்சால் இருந்து செய்யிற வேலை. படிக்காட்டி வீட்டில இருக்கிற வேலை. நாலில ஒண்டை எடுக்கட்டாம்."

அவர் கடிதத்தை வாங்கி, நான்கு பெட்டிகளையும் பார்த்தார். நான்காவதில் அவருடைய கண் நின்றதை அவள் கண்டாள். அவள் கண்டதை அவரும் கண்டார். கடிதத்தை மடித்து, சீனிப் போத்தலுக்கு அடியில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிறிஸ்துராஜா சாப்பிட வந்தார். பெற்றோல் நிலையமொன்றில் காசாளராக இருப்பவர். செபமாலைமுத்துவைவிட இரண்டு வயது இளையவர். இலண்டனுக்கு வந்த காலத்தில் இருவரும் கோலியர்ஸ் வுட்டில் ஒரே அறையில் ஒரே மெத்தையை மாறி மாறிப் பாவித்தவர்கள். புட்டும் விளைமீன் குழம்பும் கூனிச் சம்பலும் இருந்தன. சம்பலின் மணத்துக்காக யன்னல் திறந்திருந்தது. குளிர் உள்ளே வந்தது.

"முத்தண்ணை, நான் சொல்லுறன் கேளுங்கோ," என்றார் கிறிஸ்துராஜா. "மாண்டரின் எடுங்கோ. நாளைக்கு உலகமே சீனன்ர கையில."

"நாளைக்கு உலகம் சீனன்ர கையில இருக்கட்டும் அண்ணை," என்றாள் அருமைநாயகி. "நாளண்டைக்கு இவற்ற முழங்கால் ஆற்ற கையில? பத்துக் கிழமையில சீனம் எழுத ஏலுமே? அது எழுத்தே, மீன் வலை மாதிரிக் கிடக்கு."

"வலை எண்டால் முத்தண்ணைக்குப் பிரச்சினை இல்லைத்தானே!"

"பிரெஞ்சு எடுத்தால் பாரிசில இருக்கிற என்ர தம்பியின்ர பிள்ளையளோட ஒரு வாய் கதைக்கலாம். அதுகள் போனில 'போன்சூர் அத்தை' எண்டிட்டு ஓடிடுதுகள்."

"அம்மா, அப்பாவுக்கு ஜொப்புக்குத்தானே லாங்குவேஜ்? உங்கட மருமக்களுக்கு இல்லை," என்றாள் மகள் பிறின்சி. பதினேழு வயது, சட்டம் படிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருப்பவள். "அப்பா, ஸ்பானிஷ் ஈஸி. எழுதியிருக்கிற மாதிரியே வாசிக்கலாம்."

செபமாலைமுத்து குழம்பைப் புட்டில் விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தார். "எதையெண்டாலும் எடுங்கோ. நான் கறிக்கு உப்புக் காணாது எண்டு மட்டும் சொல்லுறன்."

"ஏன் ஒருத்தரும் ஜெர்மன் சொல்லேல்லை?" என்றாள் பிறின்சி. "பாரிஸ் மாமா சொன்னவர், அப்பா முந்தி ஜெர்மனியில இருந்தவர் எண்டு. இஸ் தட் ட்ரூ?"

அந்த நேரம் பார்த்து வானத்தில் ஒரு விமானமும் போகவில்லை.

"பிள்ளை, சாப்பிடு. கறி ஆறுது," என்றார் கிறிஸ்துராஜா.

"நான் கேட்டது அப்பாவை."

"ஓம்," என்றார் செபமாலைமுத்து. "கொஞ்ச நாள்."

கொஞ்ச நாள் என்பது பதினொரு ஆண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றில் ஸ்டுட்கார்ட் நகரத்து அகதி விடுதியொன்றிற் சேர்ந்தவரை, ஏற்றுக்கொள்ளவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முத்திரை குத்தப்படும் தாளொன்றோடு, அங்கே சிசிலியர் நடத்திய உணவகத்தின் சமையலறையில் அவர் தட்டுக் கழுவினார். பின் மாவு பிசைந்தார். முதலாளியிடம் இத்தாலிய மொழியிலும், தெருவில் ஜெர்மன் மொழியிலும் பேசினார். அதற்கு முன்பே, பேசாலைக் கரைக்குப் பருவத்துக்கு வந்து வாடி என்னும் குடிசை போடும் நீர்கொழும்பு மீனவரோடு கடலுக்குப் போய்ச் சிங்களம் படித்திருந்தார். பின்னர் இலண்டனில் ஆங்கிலமும், விமான நிலையத்தில் உடன் வேலைசெய்தவர்களிடம் பஞ்சாபியும் வந்து சேர்ந்தன. எந்த மொழிக்கும் அவர் கொப்பி வாங்கியதில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் இலண்டனுக்கு வந்து அகதியாகப் பதிந்தார். முதலில் எந்த நாட்டில் இருந்தாரோ அந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவார்கள் என்பது அக்காலத்து அச்சம். அடுத்த ஆண்டு உள்துறை அமைச்சிலிருந்து கடிதம் வந்தது. கோலியர்ஸ் வுட் வீட்டில் எல்லாருடைய கடிதங்களையும் வாசித்துச் சொல்கிறவர் கிறிஸ்துராஜா. அவர் வாசித்தார், சொன்னார்: 'உங்கட கேஸை இஞ்சதான் பாப்பினமாம். தப்பிட்டியள். ஆனா அண்ணை, ஜெர்மனிக் கதையை எங்கையெண்டாலும் வாய் திறந்தியளோ, அடுத்த பிளேனில ஏத்துவாங்கள்.'

அன்றைக்குப் பூட்டிய வாய். பிறகு விசா வந்தது, கலியாணம் வந்தது, பிள்ளை வந்தாள், பிரித்தானியக் கடவுச்சீட்டும் வந்தது. பூட்டை மட்டும் எவரும் திறக்கவில்லை. அருமைநாயகி இலண்டனுக்கு வந்த இரண்டாவது கிழமையே அவளுக்கும் அது சொல்லப்பட்டது. அவளும் அந்தப் பூட்டின்மேல் ஒரு பூட்டுப் போட்டாள்.

கிறிஸ்துராஜா போன பின், அவள் அவருடைய முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தாள். பிறின்சி மேலே தன் அறைக்குப் போய்விட்டாள். வெளியே நாலரை மணியின் சாம்பல் வெளிச்சம்.

"ஜெர்மன் எடுத்தால் பத்துக் கிழமை தேவையில்லைத்தானே," என்றாள், அவருடைய முகத்தைப் பாராமல்.

"விசரே உனக்கு? எப்பிடித் தெரியும் எண்டு கேட்டால்?"

"தெரியாத மாதிரி இருந்து படியுங்கோ."

"தெரியாத மாதிரி இருந்து எனக்குக் களைச்சுப் போச்சு அருமை." எண்ணெய்ப் போத்தலை எடுத்து மூடினார். "ஒரு மனுசி. ஏழு வருசம் இருக்கும். ஹனோவருக்குப் போறவ. எண்பது வயசு. தள்ளிக்கொண்டு போறன், பின்னால திரும்பித் திரும்பி எனக்குச் சொல்லுறா, சிவப்புப் பையை விட்டிட்டு வந்திட்டன், மருந்து அதுக்குள்ள, மருந்து அதுக்குள்ள எண்டு. ஜெர்மனில. ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்குது. பக்கத்தில சுப்பவைசர் வாறார். நான் விளங்காத மாதிரித் தள்ளிக்கொண்டு போனன்."

அவளுடைய கை நின்றது.

"வாசல்ல போய்த்தான், கையால பை மாதிரிக் காட்டினா. அப்பதான் விளங்கின மாதிரித் தலையாட்டினன். திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வாறதுக்குள்ள கதவு பூட்டியாச்சு. நான் எடுக்கப் போகேக்க அந்த மனுசி அழுதுகொண்டு எனக்கு நன்றி சொன்னவ. எனக்கு! எங்கை விட்டனீங்கள் எண்டு ஒரு கேள்வி கேட்டிருந்தாக் காணும். அந்த வசனத்தை இண்டைக்கும் மனதுக்குள்ள சொல்லிப் பாக்கிறனான்."

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எந்தப் பாஷையில விளங்கினது எண்டு சொல்ல வேண்டி வருமெல்லே."

அருமைநாயகிக்கு ஆத்திரம் வந்தது. அவர்மீதா, தன்மீதா, அந்தக் கடிதத்தின்மீதா என்று பிரித்தறிய முடியாத ஆத்திரம். இந்த மனிதருடைய பதினொரு ஆண்டு ஒரு மொழிக்குள் கிடக்கிறது. அதில் ஒரு சொல்லைக்கூட அவள் காதால் கேட்டதில்லை. சிரித்தாரா, சண்டை பிடித்தாரா, யாரால் என்ன பெயரில் அழைக்கப்பட்டார், ஒன்றும் தெரியாது. பதினெட்டு ஆண்டு ஒரே கட்டிலிற் படுத்தவளுக்கு!

மறுநாள் வேலையால் வந்ததும், அலுமாரியின் மேலிருந்த நீலக் கோப்பை இறக்கினாள். ஜெர்மனியில் வேலைசெய்ததற்குத் துண்டுக் கடதாசியாவது இருக்குமா என்று தேடினாள். அது இருக்கவில்லை. இரண்டாயிரத்து மூன்று யூலை மாதத்து உள்துறை அமைச்சுக் கடிதம் இருந்தது. முதலாம் பக்கத்தின் முதலாவது பந்தி, கிறிஸ்துராஜா சொன்னதையே சொன்னது. அவள் தாளைத் திருப்பினாள். பிறகு கதிரையை இழுத்துக்கொண்டு இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பெற்றோல் நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

"வாங்கோ தங்கச்சி! என்ன இந்தப் பக்கம்? பெற்றோலோ?"

"எனக்குக் கார் இல்லை அண்ணை. உங்களுக்கொரு வாசிப்பு வேலை கொண்டு வந்தனான்."

கடிதத்தைக் காசுத் தட்டின்மேல் வைத்தாள். கிறிஸ்துராஜா பார்த்த உடனே மலர்ந்தார். "அட, இது நான் வாசிச்ச கடிதம்! முத்தண்ணை அண்டைக்கு எனக்குக் கோழி வாங்கித் தந்தவர்."

"ரெண்டாம் பக்கம் வாசிச்சனீங்களோ?"

"ரெண்டாம் பக்கத்தில எப்பவும் சட்டம்தான் இருக்கும் தங்கச்சி. அப்பீல், போன் நம்பர்..."

"வாசியுங்கோ."

"நம்பர் ஃபோர்?" என்று பம்பின் எண்ணைச் சொல்லி ஒரு வெள்ளைக்காரர் அட்டையை நீட்டினார். கிறிஸ்துராஜா அதை வாங்கித் தேய்த்துக் கொடுத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டாம் பக்கத்தைப் பார்த்தார். அவருடைய உதடு அசைந்தது, பிறகு அசையவில்லை.

அதில் எழுதியிருந்தது இதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று முதல் இரண்டாயிரத்து இரண்டு வரை நீர் ஸ்டுட்கார்ட்டில் வாழ்ந்ததை ஜெர்மன் அதிகாரிகள் எமக்கு உறுதிப்படுத்தியுள்ளனர். ஜெர்மனி உம்மை மீள ஏற்பதற்கான கால எல்லை கடந்துவிட்டது. அக்காரணத்தாலேயே உமது கோரிக்கை இங்கு பரிசீலிக்கப்படும்.

"அப்ப... அவைக்குத் தெரியும்."

"முதல் நாளே தெரியும். இருபத்தொரு வருசமாத் தெரியும். அந்த மனுசன் நித்திரையில புலம்பினாலும் எழும்பி இருந்து, 'நான் என்ன பாஷையில கதைச்சனான்' எண்டு என்னைக் கேக்கிறவர், அண்ணை!"

"தங்கச்சி, கத்தாதையுங்கோ, கமரா இருக்கு."

"இருக்கட்டும். அதுக்காவது தமிழ் விளங்கட்டும்."

கிறிஸ்துராஜா கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய முகம் ஒரு நொடியில் மூப்படைந்தது. "அந்தக் காலத்தில ஒரு நாளைக்குப் பத்துப் பேரின்ர கடிதம். ரெண்டு வேலை செய்துபோட்டு வந்து, சப்பாத்துக் கழட்டாமல் நிண்டு வாசிக்கிறனான். ஓமோ இல்லையோ, அதைச் சொல்லு எண்டுதான் எல்லாரும் என்ர வாயைப் பாத்துக்கொண்டு நிப்பினம். ரெண்டாம் பக்கத்தில என்ன எண்டு ஆர் தங்கச்சி கேட்டவை?"

பதினெட்டு ஆண்டுகளாக அந்தக் கோப்பின் தூசியைத் தட்டியவள் அவள். ஆங்கிலத்தில் நல்ல புள்ளி எடுத்தவளும் அவள்.

"நம்பர் டூ," என்றாள் பின்னால் நின்ற ஒரு பெண். அருமைநாயகி கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வழிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து செபமாலைமுத்துவுக்குக் காட்டியபோது, அவர் சத்தம் போடவில்லை. இரண்டாம் பக்கத்தைத் தானே எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்தார். "இது தெரிஞ்சிருந்தா அந்த மனுசிக்கு மருந்தாவது கிடைச்சிருக்கும்," என்றார்.

வெள்ளிக்கிழமை இருவருமாகக் கொம்பனியின் அலுவலகத்துக்குப் போனார்கள். படிவங்களைப் பொறுப்பேற்கும் பெண் அனோஜினி, இலண்டனிற் பிறந்தவள், பெற்றோர் சாவகச்சேரி. அருமைநாயகி கொண்டுபோன தாளில், நான்கு பெட்டிகளுக்குக் கீழே, ஐந்து மொழிகளின் பெயர்களும் அச்சிட்டதுபோல எழுதப்பட்டிருந்தன.

"அன்ரி, ஐ கெட் இட். உண்மையா விளங்குது," என்றாள் அனோஜினி. "ஆனா செர்டிபிகேட் இல்லாமல் சிஸ்டம் எடுக்காது. சிங்களம் லிஸ்டிலேயே இல்லை."

"பஞ்சாபி?"

"லிஸ்டில இருக்கு. ஆனா பேப்பர் வேணும்."

"போன கிழமை உங்கட சுப்பவைசர் ரேடியோவில இவரைக் கூப்பிட்டு, வழிதவறி நிண்ட ஒரு பஞ்சாபி அம்மாவோட கதைக்க விட்டவர். அப்ப பேப்பர் கேட்டவரோ?"

அனோஜினி கணினித் திரையைப் பார்த்தாள். "கேட்டிருக்க மாட்டார்."

"வேலை வாங்கேக்க வாய் காணும். கதிரை குடுக்கேக்க மட்டும் கடதாசி வேணுமோ பிள்ளை?"

"அருமை, விடு. பிள்ளை என்ன செய்யும்," என்றார் செபமாலைமுத்து.

"அங்கிள், ஏன் நீங்கள் முதலே சொல்லேல்லை?"

அவர் மனைவியைப் பார்க்கவில்லை. அந்தப் பார்க்காமையை அவள் என்றைக்கும் மறக்கமாட்டாள். "கோடு இழுத்தது நான்," என்றாள். "அவர் இல்லை."

அனோஜினி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "ஜெர்மனை டிக் பண்ணுங்கோ. வேற ஒண்டும் எழுத வேண்டாம். கொலிஜ்ல முதல் நாள் லெவல் பாப்பினம். அவை எழுதித் தாறதை நான் ஏத்துறன். அது ஒண்டுதான் இப்ப எனக்குச் செய்ய ஏலும்."

ஆக, கடைசியில் தெரிவு நடந்தது. தனக்குத் தெரிந்த மொழியைத் தெரியாத மொழியென்று ஒப்புக்கொண்டு, ஐம்பத்தொன்பது வயதில் அரிச்சுவடி வகுப்புக்குக் கையெழுத்திட்டார் ஒரு மனிதர். இதற்குப் பெயர் வாய்ப்பாம். கொம்பனியின் கடிதத்தில் அச்சொல் மூன்று இடத்தில் வருகிறது.

நவம்பர் ஒன்பதாம் திகதி, சனிக்கிழமை. கல்லூரி வாசலில் நனைந்த இலைகள் வழுக்கின. அவள் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வரிசையாகப் போட்டிருந்த கதிரைகளில் இளைஞர்கள் பலர் புதுக் கொப்பிகளோடு இருந்தார்கள். ஆசிரியை ஜெர்மன்காரி, நரைத்த குட்டை மயிர், அறுபது வயது இருக்கும். ஒவ்வொருவராக அழைத்து ஒரு கேள்வி கேட்டாள். செபமாலைமுத்துவிடமும் கேட்டாள்.

அவர் தொண்டையைச் செருமினார். கதவுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம் அது. பிறகு ஒரு சொல் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின், துறையை விட்ட வள்ளம்போல அவர் போய்க்கொண்டேயிருந்தார்.

அருமைநாயகி பின் வரிசையில் இருந்து பார்த்தாள். அவளுக்கு ஸ்டுட்கார்ட் என்ற ஒரு சொல்லைத் தவிர எதுவும் விளங்கவில்லை. ஆனால் அவருடைய முதுகு நிமிர்ந்ததைக் கண்டாள். கைகள் மாவு பிசைந்து காட்டின. அவள் அறியாத ஒரு சிரிப்பு, மேலுதட்டின் ஒரு பக்கத்தால் வரும் சிரிப்பு, அந்த முகத்தில் வந்து போயிற்று. ஓரிடத்தில் குரல் தாழ்ந்தது. கைகள் காற்றில் ஒரு சிறு பையை வரைந்தன. ஆசிரியையின் சிரிப்பு நின்றது. அவள் கையை நீட்டி அவருடைய கையைத் தொட்டாள். அந்தக் கதையை மட்டும் அருமைநாயகி மொழிபெயர்ப்பின்றி விளங்கிக்கொண்டாள்.

பின்னர் ஆசிரியை அவளிடம் வந்து ஆங்கிலத்திற் சொன்னாள்: "உங்கள் கணவர் ஸ்டுட்கார்ட்டில் கொத்துவேலை செய்யும் என் மைத்துனரைப்போலவே பேசுகிறார். கெட்ட வார்த்தைகள் உட்பட. இந்த வகுப்பில் அவருக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை." கல்லூரியின் தாளில், சரளமாகப் பேசுகிறார் என்று எழுதி, திகதியிட்டுக் கையொப்பம் வைத்தாள்.

"கெட்ட வார்த்தையுமோ?" என்றாள் அருமைநாயகி, பஸ்ஸில்.

"குசினியில படிச்சதெல்லே. முதல்ல அதுதான் வரும்."

"ஒண்டைச் சொல்லுங்கோ."

"பஸ்ஸிலையோ?"

"இஞ்ச ஆருக்கு விளங்கப் போகுது?"

அவர் அவளுடைய காதருகே குனிந்து ஒன்றைச் சொன்னார். பொருள் தெரியாமலே அவள் சிரித்தாள்.

இங்கே கதை முடிந்திருந்தால், எல்லாரும் நல்லவர்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். முடியவில்லை. நவம்பர் இருபத்திரண்டாம் திகதி கொம்பனியின் கடிதம் வந்தது. டிசம்பர் இரண்டாம் திகதியிலிருந்து உதவி மேசை, கதிரை உண்டு. அதற்கு அவள் மாதாவுக்கு நன்றி சொன்னாள். பிறகு, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள்.

திருத்திய பதிவேட்டின் பிரதி அதில் இருந்தது. அறிந்த அந்நிய மொழிகள்: ஒன்று. மொழி: ஜெர்மன். கற்ற திகதி: 09.11.2024.

பதினொரு ஆண்டு. முத்திரை குத்திய நாற்பத்துச் சொச்சம் தாள்கள். சிசிலியனுடைய அடுப்பு வெக்கை. சிவப்புப் பையைக் கேட்டு அழுத ஒரு கிழவி. அத்தனையும் ஒரு சனிக்கிழமை முற்பகலாகச் சுருங்கிவிட்டன. கீழே ஒரு வரி: 'உமது விரைவான முன்னேற்றத்தைப் பாராட்டுகிறோம். அடுத்ததாக எந்த அந்நிய மொழியைக் கற்க விரும்புகிறீர்? மிஞ்சியுள்ள மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்க.'

செபமாலைமுத்து சிரித்தார். "ஒரு நாளில படிச்சிட்டன் எல்லே! அப்ப மாண்டரினுக்கு ரெண்டு நாள் காணும்."

அவள் சிரிக்கவில்லை. பேனையும் அடிமட்டமும் எடுத்துவந்து மேசையில் இருந்தாள். அதே அடிமட்டத்தால், அந்த மூன்று பெட்டிகளுக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதினாள்: சிங்களம், 1978, பேசாலைக் கரை, நீர்கொழும்பாருடைய வாடி. ஜெர்மன், 1991, ஸ்டுட்கார்ட், அகதி விடுதி. இத்தாலியன், 1994, அதே நகரத்துச் சமையலறை. ஆங்கிலம், 2002, கோலியர்ஸ் வுட். பஞ்சாபி, 2012, உங்கள் விமான நிலையம். 'பதிவேட்டைத் திருத்துக' என்று முடித்து, அவரிடம் கையெழுத்து வாங்கி, மழையில் நடந்துபோய்த் தபாற்பெட்டியிற் போட்டாள்.

பதில் இன்னும் வரவில்லை. கொம்பனியைக் கேட்டுக் களைத்தாயிற்று; ஆகவே இனி உங்களிடம். இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் மடித்து வைத்த கடிதங்கள் உண்டு: எடுத்து இரண்டாம் பக்கத்தை வாசியுங்கள். உங்கள் வீட்டிலும், எந்தெந்த மொழியில் ஏச்சு வாங்கினார் என்று ஒருவரும் கேட்டிராத ஒரு மனிதர் இருக்கிறார்: இன்றைக்கே கேளுங்கள். அவர் சொல்வதை, கற்ற இடத்தோடும் ஆண்டோடும், படிவம் கேட்டிருக்கும் இடத்தில் எழுதிக் கொடுங்கள். கோடு இழுக்காதீர்கள்.